எதையும் தூக்கி எறியாத வீடு

லண்டனின் கென்சிங்டன் பகுதியில் ஸ்டாஃபோர்ட் டெரஸ் என்றொரு தெரு. அங்கே 18ஆம் எண் வீட்டின் முதல் மாடி வரவேற்பறையில் சுவரே தெரியாத அளவுக்குப் படங்கள் மாட்டியிருக்கின்றன. படங்களுக்கு நடுவே எட்டிப் பார்ப்பது பொன்னிறச் சுவர்த்தாள். தோலில் புடைப்பு வேலை செய்ததுபோன்ற தோற்றம் கொண்ட ஜப்பானியத் தாள். எவ்வளவு செலவு செய்திருப்பார்கள் என்று மலைப்பாக இருக்கும். ஒரு படத்தைக் கழற்றினால் குட்டு வெளிப்பட்டுவிடும். சட்டத்துக்குப் பின்னால் அந்தப் பொன்தாள் கிடையாது. அதற்கு முன்பு ஒட்டியிருந்த, வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸின் தாள்தான் இருக்கிறது. படம் மறைக்கப்போகிற இடத்தில் விலை உயர்ந்த தாளை ஒட்டிக் காசைக் கரியாக்குவானேன் என்று வீட்டுக்காரர் கணக்குப் பார்த்திருக்கிறார்.

அந்தச் சிக்கனத்துக்கு இன்று நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. வெளிச்சமும் கரிப்புகையும் படாமல் சட்டங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட பழைய தாள், 1870களில் கல்யாணமான ஒரு புதுத் தம்பதி தங்கள் வீட்டுக்கு எந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்குச் சாட்சியாக நிற்கிறது. விக்டோரியா காலத்து வீடுகளுக்கு லண்டனில் பஞ்சமே இல்லை, தெருத்தெருவாக இருக்கின்றன. சுவரும் கூரையும் பழையவை, உள்ளே எல்லாம் புதிது. வாழ்ந்தவர்களின் நாற்காலி, திரைச்சீலை, பீங்கான் தட்டு, நாட்குறிப்பு என்று அத்தனையும் வாங்கிப் போட்ட இடத்திலேயே இருக்கிற வீடு இது ஒன்றுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த அளவுக்கு முழுமையாக இருப்பவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

வீட்டுக்காரர் லின்லி சாம்போர்ன் (1844–1910). ‘பஞ்ச்’ என்ற புகழ்பெற்ற நகைச்சுவை வார இதழின் கேலிச்சித்திரக்காரர்.

வரிசையில் ஒன்று

தெருவில் நின்று பார்த்தால் இந்த வீட்டில் தனியாக எதுவும் இல்லை. ஃபிலிமோர் குடும்பத்துக்குச் சொந்தமான நிலத்தில், 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் விற்பனைக்காகக் கட்டப்பட்ட வரிசை வீடுகளில் இதுவும் ஒன்று. இருபக்கமும் அடுத்த வீட்டோடு பொதுச் சுவர். அகலம் குறைவு, உயரம் அதிகம். தரைக்குக் கீழே சமையலறை. தரைத்தளத்தில் சாப்பாட்டு அறையும், வீட்டு அம்மா காலைப் பொழுதில் உட்கார்ந்து கடிதம் எழுதுகிற அறையும். முதல் மாடி முழுக்க வரவேற்பறை. அதற்கு மேலே படுக்கையறைகள். உச்சி மாடியில் குழந்தைகளும் வேலைக்காரப் பெண்களும். முகப்பில் இத்தாலியச் சாயலில் கொஞ்சம் பூச்சு வேலை. கட்டடக் கலை மாணவர் யாரும் இதன் முன்னால் நின்று படம் வரைய மாட்டார்.

சாம்போர்ன் பெரிய இடத்துப் பிள்ளை இல்லை. ஓவியக் கல்லூரியில் முறையாகப் படித்தவரும் இல்லை. கிரீனிச்சில் கப்பல் எஞ்சின் செய்யும் தொழிற்சாலையில் தொழில் பழகிக்கொண்டிருந்தபோது பொழுதுபோக்காகக் கிறுக்கிய சித்திரம் ‘பஞ்ச்’ ஆசிரியரின் கண்ணில் பட்டது. 1867இல் அந்த இதழில் வரையத் தொடங்கினார். 1874இல் பங்குச் சந்தைத் தரகர் ஒருவரின் மகளான மேரியன் ஹெராபாத்தை மணந்தார். மறு ஆண்டு இந்த வீடு. லண்டன் நிலக்கிழார்கள் மனையை விற்பதில்லை, நீண்ட குத்தகைக்குத்தான் விடுவார்கள். சாம்போர்ன் தம்பதியும் 89 ஆண்டுக் குத்தகையைத்தான் 2,000 பவுண்டுக்கு வாங்கினார்கள். நம் பேச்சு வழக்கில் சொந்த வீடு, பத்திரப்படி வாடகைக்காரர்.

உள்ளே நுழைந்ததும் கதை மாறுகிறது. அந்தக் காலத்தில் ‘கலையழகு இயக்கம்’ என்று ஒன்று லண்டனைப் பிடித்து ஆட்டியது. நீலமும் வெள்ளையுமான சீனப் பீங்கான், ஜப்பானிய விசிறி, சூரியகாந்திப் பூ வரைந்த வண்ணக் கண்ணாடி, மாரிஸ் சுவர்த்தாள். இவை இருந்தால்தான் ரசனையுள்ள வீடு என்று பெயர். சாம்போர்ன் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. சாப்பாட்டு அறையில் மாரிஸின் மாதுளைத் தாள். சுவரின் மேல்பகுதியில் சுற்றிலும் ஓடும் பலகையில் நீலப் பீங்கான் வரிசை. நடுவில் எண்கோண மேசை. மாடிப்படி வளைவில் ஜன்னலோடு சேர்ந்த கண்ணாடிப் பெட்டிக்குள் பெரணிச் செடிகள். லண்டனின் கரிப்புகையில் வெளியே பிழைக்காத செடிகளைக் கண்ணாடிக்குள் வளர்ப்பது அன்றைய மோகம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தப் பீங்கான் பைத்தியத்தை அன்று வாராவாரம் கிண்டலடித்தது வேறு யாருமல்ல, ‘பஞ்ச்’ இதழேதான். சாம்போர்னின் சகாவான ஜார்ஜ் டு மோரியே நீலப் பீங்கானைக் கட்டிக்கொண்டு உருகும் மேட்டுக்குடி மக்களைக் கேலி செய்து வரைந்துகொண்டிருந்தார். சாம்போர்னோ வீடு நிறைய அதையே வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தார். கேலி ஆபீஸில், ஆசை வீட்டில்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த வீட்டில் விலை மதிப்பற்ற பொக்கிஷம் என்று சொல்லத்தக்கது குறைவு. சுவரில் தொங்குபவற்றில் பல, பெரிய ஓவியங்களின் புகைப்படப் பிரதிகளும் அச்சுப் படங்களும்தான். அறைகலன்களில் பழசுபோலச் செய்த புதுசும், ஏற்கெனவே யாரோ புழங்கிய சாமானும் கலந்திருக்கின்றன. கையில் கொஞ்சம் காசும் மனசில் நிறைய ஆசையும் உள்ள ஒரு குடும்பம், பக்கத்துத் தெருவில் வசிக்கும் பணக்கார ஓவியர்களுக்கு ஈடாக வாழப் பார்த்த வீடு இது. அந்த முயற்சி ஒவ்வொரு மூலையிலும் தெரிகிறது. எனக்கு இந்த வீட்டைப் பிடித்துப்போனதற்குக் காரணமே அதுதான்.

குளியல் தொட்டியில் ரோட்ஸ்

‘பஞ்ச்’ இதழின் ஆசிரியர் குழு புதன்கிழமை இரவுகளில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும். அந்த வாரத்தின் முக்கிய அரசியல் சித்திரம் எதைப் பற்றியது என்பது அந்த விருந்தில் முடிவாகும். வெள்ளிக்கிழமைக்குள் சித்திரம் கைக்கு வந்தாக வேண்டும். இடையில் இருப்பது இரண்டு நாள். பிஸ்மார்க் படகில் நிற்க வேண்டுமா, கிளாட்ஸ்டன் கோடாரி தூக்க வேண்டுமா, எதுவானாலும் உடல் மடிப்பு, துணி மடிப்பு, பூட்ஸின் வளைவு எல்லாம் பிசகில்லாமல் வர வேண்டும். எஞ்சின் வரைபடம் போட்டுப் பழகிய கை. குத்துமதிப்பாக வரைய அவருக்கு மனம் வராது.

அதற்காக அவர் பிடித்துக்கொண்டது புகைப்படக் கலை. 1880களில் தொடங்கி, வரையப்போகிற ஒவ்வொரு உருவத்துக்கும் முதலில் ஆளை நிற்கவைத்துப் படம் எடுத்தார். ஆள் கிடைக்காவிட்டால் தானே வேஷம் கட்டிக்கொண்டு வீட்டுப் பின்கட்டில் நிற்பார். மனைவி, பிள்ளைகள், வேலைக்காரப் பெண்கள், குதிரைக்காரர் எல்லோரும் மாடல்கள்தான். குதிரைக்காரர் காலையில் ராஜதந்திரி, மாலையில் போர்வீரர்.

படங்களை அச்சிட அவர் பெரும்பாலும் கையாண்டது ‘சயனோடைப்’ முறை. இரும்பு உப்புக் கரைசல் பூசிய தாளின் மேல் கண்ணாடி நெகடிவை வைத்து வெயிலில் காட்ட வேண்டும். பிறகு வெறும் தண்ணீரில் அலச வேண்டும். வெயில் பட்ட இடம் ஆழ்ந்த நீலமாகிவிடும். விலை மலிவு, வேலை சுலபம். அலசும் இடம் மாடிக் குளியலறை. அங்கே கனமான பளிங்குத் தொட்டி ஒன்று இருக்கிறது. பளிங்கு வெந்நீரைச் சட்டென்று ஆறவைத்துவிடும் என்பதால் குளிக்க லாயக்கில்லாத தொட்டி. படம் கழுவத் தோதான தொட்டி. இப்படி அவர் சேர்த்தவை சுமார் 30,000 படங்கள். தொழிலுக்கான கச்சாப் பொருளாக எடுத்தவை இன்று விக்டோரியா காலக் கேமரா வரலாற்றின் பெரிய சேமிப்புகளில் ஒன்றாகிவிட்டன.

இந்த வீட்டில் குடியிருந்த காலத்தில் பிறந்த சித்திரங்களில் ஒன்றை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1892 டிசம்பர் 10 தேதியிட்ட ‘பஞ்ச்’ இதழில் வந்தது. ஆப்பிரிக்காவின் வட கோடியில் ஒரு காலும் தென் கோடியில் மறு காலும் ஊன்றி, கைகளை விரித்துத் தந்திக் கம்பியைப் பிடித்தபடி நிற்கும் ராட்சத மனிதர்: சிசில் ரோட்ஸ். கேப் டவுனிலிருந்து கெய்ரோவரை தந்திக் கம்பி இழுக்கும் அவரது திட்டத்தையும், பழங்கால ரோட்ஸ் தீவில் நின்ற பிரம்மாண்டச் சிலையையும் முடிச்சுப் போட்ட கற்பனை. ஏகாதிபத்தியம் என்ற பாடம் வந்தாலே உலகெங்கும் வரலாற்று நூல்கள் எடுத்துப் போடுகிற படம் அது. ஒரு கண்டத்தையே காலடியில் வைத்த அந்தப் பூட்ஸ்களை வரைந்தவர், சுவர்த்தாளுக்குக் காசு மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது எந்தப் பாடநூலிலும் இருக்காது.

‘பஞ்ச்’ பாணி நம் பக்கமும் வந்துசேர்ந்தது. லக்னோவில் 1877இல் ‘அவத் பஞ்ச்’ என்ற உருது வார இதழ் அதைப் பார்த்துத் தொடங்கப்பட்டது. பாரதியாரின் ‘இந்தியா’ 1906 முதல் தமிழில் அரசியல் கேலிச்சித்திரம் வெளியிட்டபோது, கென்சிங்டனில் சாம்போர்ன் இன்னும் வரைந்துகொண்டிருந்தார். ஒருவர் சாம்ராஜ்யத்தின் நகைச்சுவை இதழில், இன்னொருவர் சாம்ராஜ்யத்தை எதிர்த்து.

எல்லாப் படங்களும் ரசிக்கத்தக்கவை என்று சொல்லிவிட முடியாது. கேமரா கிளப்பில் அவர் எடுத்த நிர்வாணப் படங்கள் தொழிலுக்கு எவ்வளவு தேவை, ஆசைக்கு எவ்வளவு என்ற கேள்வி இன்றும் எழுகிறது. வயதான காலத்தில், பக்கவாட்டில் படம் பிடிக்கும் மறைவுக் கேமராவோடு கென்சிங்டன் தெருக்களில் நடந்து, பெண்களை அவர்களுக்கே தெரியாமல் எடுத்திருக்கிறார். பள்ளி மாணவிகளும் அவற்றில் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாதாரணப் பெண் தெருவில் எப்படி உடுத்தினாள், எப்படி நடந்தாள், புத்தகத்தை எப்படிப் பிடித்தாள் என்பதற்கு இவற்றைவிட நல்ல ஆதாரம் கிடைப்பது அரிது. அனுமதி கேட்காமல் எடுத்தது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் ஆய்வாளர்கள் பேசுகிறார்கள். மரபுச் சின்னம் என்றால் பூசி மெழுக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அம்மாவின் நாட்குறிப்பு

நினைவில்லம் என்றதும் பெரிய மனிதரின் பேனாவும் கைத்தடியும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். வீட்டை நடத்திய பெண்ணின் சுவடே இருக்காது. இங்கே அப்படி நேரவில்லை. மேரியன் 1881 முதல் 1914இல் தான் இறக்கும் ஆண்டுவரை நாட்குறிப்பு எழுதினார். கடலைக் கலக்கும் சிந்தனை எதுவும் அதில் கிடையாது. யார் விருந்துக்கு வந்தார்கள், என்ன சமைத்தார்கள், எந்த வேலைக்காரி சொல்லிக்கொண்டு போனாள், பங்குகள் ஏறினவா இறங்கினவா, தலைவலி, தையல்காரி, பிள்ளைக்குக் காய்ச்சல். நாளுக்குச் சில வரிகள், அவ்வளவுதான். இந்த நாட்குறிப்புகளை வைத்து ஷெர்லி நிக்கல்சன் 1988இல் எழுதிய புத்தகம், அக்கால நடுத்தரக் குடும்பத்தின் வரவு செலவையும் மனநிலையையும் அறிய விரும்புகிறவர்களுக்கு இன்றும் உதவுகிறது.

நாட்குறிப்புக்கு முன்பே இன்னொரு காகிதமும் உண்டு. வீட்டுக்குக் குடிவந்த இரண்டாவது ஆண்டிலேயே, 1877இல், அறை அறையாகச் சாமான் பட்டியல் ஒன்று தயாரானது. எந்த அறையில் எந்த மேசை, எத்தனை குவளை என்று எழுதி வைத்தது. கலைப் பொருளுக்குக் கள்ளப் பிரதி வரலாம். அலமாரிக்கு ஆயிரம் கதை சொல்லலாம். 1877இல் எழுதிய பட்டியலில் இருக்கிற பொருள் அதே அறையில் இன்றும் இருந்தால் அதற்கு மேல் வாதம் இல்லை.

வேலைக்காரர்கள் மட்டும் எதையும் எழுதி வைக்கவில்லை. சமையற்காரி, பரிமாறும் பெண், வீட்டு வேலைக்கு ஒரு பெண், குழந்தைகளுக்கு ஆயா, லாயத்தில் ஒரு ஆள். கலையழகு இயக்கம் அவர்கள் தோளில்தான் நடந்தது. ஒவ்வொரு அறையிலும் கணப்பு. அதற்கான நிலக்கரி அடித்தளத்திலிருந்து மேலே ஏற வேண்டும். சாம்பல் கீழே இறங்க வேண்டும். காலையில் முகம் கழுவ வெந்நீர் ஏற வேண்டும், கழுவிய நீர் இறங்க வேண்டும். அந்தப் பீங்கான் அணிவகுப்பு முழுவதையும் தூசி தட்ட வேண்டும். லண்டன் கரித்தூசி ஒரு நாள் விட்டால் ஒட்டிக்கொள்ளும். 2022இல் முடிந்த சீரமைப்பில் அடித்தளச் சமையலறையும் உச்சி மாடிப் பணிப்பெண் அறையும் பழையபடி அமைக்கப்பட்டன. வரவேற்பறையின் பொன்தாளைப் பார்த்துவிட்டு அந்த அறைக்குள் போனால் வீட்டின் மறுபாதி புரிகிறது. இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்றுதான் தோன்றியது.

தப்பிப் பிழைத்த கதை

சாம்போர்ன் 1910இல் இறந்தார், மேரியன் 1914இல். மகன் ராய் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா வாழ்ந்த வீட்டில் 1946இல் சாகும்வரை தனியாகக் குடியிருந்தார். எதையும் மாற்றவில்லை. மனைவி வந்திருந்தால் முதல் வாரமே அந்தக் கனத்த திரைச்சீலைகள் இறங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு பிரம்மச்சாரியின் அலுப்பு உலகத்துக்கு ஓர் அருங்காட்சியகத்தைக் கொடுத்தது.

அடுத்து அக்காள் மாட். மெஸ்ஸல் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட வசதிக்காரர். பிறந்த வீட்டின் மேல் பாசம் விடாமல் அதை அப்படியே வைத்துக்கொண்டார். அவருடைய மகன் ஆலிவர் மெஸ்ஸல் பெயர்பெற்ற நாடக மேடை வடிவமைப்பாளர். மகள் ஆன், ராஸ் பிரபுவின் மனைவி. ஆனின் மகன்தான் 1960இல் இளவரசி மார்கரெட்டை மணந்த புகைப்படக்காரர் ஸ்னோடன் பிரபு. கொள்ளுத் தாத்தாவின் கேமரா ரத்தம் என்று லண்டன் பத்திரிகைகள் எழுதத் தோதான குடும்பம்.

அந்தச் சமயத்தில் விக்டோரியா காலப் பொருள் என்றாலே முகம் சுளித்தார்கள். இருட்டு, கனம், அலங்காரக் குப்பை என்று பெயர். போருக்குப் பின் நாடு முழுக்க இடித்துக் கட்டும் வேகம். வரிசை வீடுகள் தளம் தளமாகப் பிரிக்கப்பட்டு அடுக்ககங்களாயின; பழைய அறைகலன்கள் அடிமாட்டு விலைக்குப் போயின. ஆன் சும்மா இருக்கவில்லை. 1957 நவம்பரில் இதே வீட்டுக்குச் சிலரை அழைத்தார். கவிஞர் ஜான் பெட்ஜமன், கட்டடக் கலை வரலாற்றாளர் நிகோலஸ் பெவ்ஸ்னர் போன்றவர்கள் வந்தார்கள். விக்டோரியா காலக் கட்டடங்களுக்காக வாதாட ஒரு சங்கம் வேண்டும் என்று பேசினார்கள். 1958இல் விக்டோரியன் சொசைட்டி முறையாகத் தொடங்கியது.

தொடக்கத்தில் தோல்விகள்தான். யூஸ்டன் ரயில் நிலையத்தின் பிரம்மாண்டக் கல் தோரணத்தைக் காப்பாற்றப் போராடினார்கள். 1961–62இல் இடித்துத் தள்ளினார்கள். 1962இல் நிலக்கரிச் சந்தைக் கட்டடமும் போயிற்று. அந்த அடி வாங்கியதால்தான் அடுத்த போராட்டம் ஜெயித்தது. செயின்ட் பாங்க்ராஸ் ரயில் நிலையமும் அதன் செங்கல் ஓட்டலும் 1967இல் முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தன. இன்று பாரிஸுக்கு யூரோஸ்டார் ஏறுகிற நம் ஊர்ச் சுற்றுலாப் பயணிகள் அண்ணாந்து பார்த்து செல்ஃபி எடுக்கிற கட்டடம் அது. அதை இடிக்காமல் விட்டதற்கான பேச்சு ஒரு கேலிச்சித்திரக்காரரின் வரவேற்பறையில் தொடங்கியது.

1980இல் ஆன் வீட்டை லண்டன் பெருநகர கவுன்சிலுக்கு உள்ளிருந்த சாமான்களோடு விற்றார். விக்டோரியன் சொசைட்டியின் பொறுப்பில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அந்த கவுன்சில் 1986இல் கலைக்கப்பட்டபோது மறுபடியும் கேள்விக்குறி. 1989இல் கென்சிங்டன் – செல்சி மாநகராட்சி எடுத்துக்கொண்டது. இடையில் சினிமாக்காரர்களும் வந்தார்கள். இஸ்மாயில் மெர்ச்சன்ட் தயாரித்து ஜேம்ஸ் ஐவரி இயக்கிய ‘எ ரூம் வித் எ வியூ’ (1985) படத்தின் லண்டன் வீட்டுக் காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டவை. கலை இயக்குநருக்கு அதிக வேலை இருந்திருக்காது.

பத்து நிமிட நடையில் இன்னொரு வீடு

இந்த வீட்டின் மதிப்பு எதில் இருக்கிறது என்று புரிந்துகொள்ள, இங்கிருந்து பத்து நிமிட நடையில் ஹாலந்து பார்க் சாலைக்குப் போக வேண்டும். ராயல் அகாடமியின் தலைவராக இருந்த ஃபிரெடரிக் லெய்ட்டன் பிரபுவின் மாளிகை அங்கே இருக்கிறது. கட்டடக் கலைஞர் ஜார்ஜ் ஐட்சிசன் வடிவமைத்தது. டமாஸ்கஸிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் கொண்டுவந்த ஓடுகள் பதித்த அரபு மண்டபம், நடுவில் நீரூற்று, மேலே பொன் குவிமாடம். பார்த்தவர் மறக்க முடியாது.

லெய்ட்டன் 1896 ஜனவரியில் இறந்தார். மணமாகாதவர். அதே ஆண்டு கிறிஸ்டீஸ் ஏலக்கூடத்தில் அவர் சேர்த்த ஓவியங்களும் கம்பளங்களும் பீங்கான்களும் துண்டு துண்டாகப் போயின. மாளிகை நின்றது, உள்ளே ஒன்றும் இல்லை. நூறு ஆண்டுகளுக்கு மேலாக எங்கெங்கோ தேடி, கடன் வாங்கி, பிரதி செய்து அந்த அறைகளை நிரப்பிவருகிறார்கள். அரபு மண்டபத்தை யாராலும் கழற்ற முடியவில்லை என்பதால் அது பிழைத்தது.

ஒரு பக்கம் அற்புதமான கட்டடம், சிதறிப்போன வாழ்க்கை. மறுபக்கம் சாதாரணக் கட்டடம், சிதறாத வாழ்க்கை. இரண்டையும் இன்று ஒரே மாநகராட்சி பராமரிக்கிறது. எது பெரிய மரபுச் சொத்து என்று கேட்டால், கண்ணுக்கு லெய்ட்டன், அறிவுக்கு சாம்போர்ன் என்பேன். மன்னர்களும் பிரபுக்களும் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்குச் சாட்சி நிறைய இருக்கிறது. மாதக் கடைசியில் கணக்குப் பார்த்த குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பதற்குத்தான் சாட்சி இல்லை. ஏனென்றால் அப்படிப்பட்ட குடும்பங்கள் பழையதைப் போட்டுவிட்டுப் புதியதை வாங்கிவிடும்.

மரபு மதிப்பை எடைபோட இங்கிலாந்தின் மரபு அமைப்பு 2008இல் நான்கு அளவுகோல்களை வகுத்தது: கடந்த காலத்துக்குச் சான்றாக நிற்பது, வரலாற்றோடு நம்மைப் பிணைப்பது, அழகு, மக்களின் மனத்தில் அதற்குள்ள இடம். வழக்கமாகக் கட்டடங்களைப் பற்றிய சண்டை அழகை வைத்தே நடக்கும். அழகாக இருந்தால் காப்பாற்று, இல்லையென்றால் இடி. சாம்போர்ன் வீடு அழகுக்கு நடுவாந்தர மதிப்பெண்தான் வாங்கும். சான்று என்ற பாடத்தில் முதல் மாணவன். பாதுகாக்கப்பட்ட கட்டடங்களில் நூற்றுக்கு ஆறுக்கும் குறைவானவற்றுக்கே கிடைக்கிற நட்சத்திரமிட்ட இரண்டாம் தரத்தில் இந்த வரிசை வீடு இருப்பதற்குக் காரணம் அதன் உட்புறம்.

அப்படிப்பட்ட வீட்டைக் காப்பது கோயில் கோபுரத்தையோ கோட்டையையோ காப்பதுபோல அல்ல. இங்கே எதிரி இடிக்கும் இயந்திரமல்ல, ஜன்னல் வழியே வரும் வெளிச்சம். துணிக்கும் தாளுக்கும் 50 லக்ஸ் வெளிச்சம்தான் தாங்கும் என்பது அருங்காட்சியக வழக்கம். மங்கிய மாலைப் பொழுதின் வெளிச்சம் அது. கூட்டம் அதிகமானால் மூச்சுக்காற்றின் ஈரம், காலடித் தூசி, படிக்கட்டின் கம்பளம் தேய்வது என்று சேதம் சேர்ந்துகொண்டே போகும். திரைச்சீலை கிழிந்தால் அதே நெசவில் புதிது செய்வதா, கிழிசலை அப்படியே தைத்து வைப்பதா என்பதற்கே நீண்ட வாதம் நடக்கும். நான் தையல் கட்சி. புதிதாக நெய்த பழைய திரை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அதில் மேரியனின் கை பட்டிருக்காது.

பணக் கணக்குப் போடுகிறவர்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். கென்சிங்டனில் இப்படியொரு வீடு இன்று பல மில்லியன் பவுண்டுக்குப் போகும். அந்த இடத்தை அடுக்ககமாக்கியிருந்தால் மாநகராட்சிக்கு வரி வந்திருக்கும். உள்ளே இருக்கிற சாமான்களைத் தனித்தனியே ஏலம் விட்டால் என்ன கிடைக்கும்? தேய்ந்த நாற்காலி, ஓரம் உடைந்த தட்டு, மங்கிய அச்சுப் படம். பெரிய தொகை கிடைத்திருக்காது. 1877 பட்டியலும், 30,000 படங்களும், அம்மாவின் நாட்குறிப்பும், அந்த நாற்காலியும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும்போதுதான் ஒன்று மற்றொன்றுக்குச் சாட்சி சொல்கிறது. புகைப்படத்தில் சாம்போர்ன் உட்கார்ந்திருக்கும் நாற்காலியை எதிரே பார்க்கலாம். நாட்குறிப்பில் வருகிற விருந்தை அந்த எண்கோண மேசையில் நினைத்துப் பார்க்கலாம். விற்றுத் தீர்ந்த பிறகு கோடி கொடுத்தாலும் அதைத் திரும்பக் கட்ட முடியாது. லெய்ட்டன் மாளிகை அதற்கு ரசீது.

லண்டன் போகிறவர்கள் ஹை ஸ்ட்ரீட் கென்சிங்டன் நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடையில் ஸ்டாஃபோர்ட் டெரஸ் வந்துவிடும். அறைகள் சிறியவை, முன்பதிவு செய்துகொண்டு போங்கள். இரண்டு வீடுகளுக்கும் சேர்த்து ஒரே சீட்டு வாங்கலாம். லெய்ட்டன் மாளிகையை முதலில் பாருங்கள், பிறகு 18ஆம் எண்ணுக்கு வாருங்கள். வரவேற்பறையைப் பார்த்த கையோடு திரும்பிவிடாமல் உச்சி மாடிவரை ஏறி, அந்தப் பணிப்பெண் அறையையும் பார்த்துவிட்டு இறங்குங்கள்.